நாம் கவனிக்காதபோது மனது கற்றுக்கொள்பவை

"காரணமே இல்லாம மனசு கனமா இருக்கு மேடம்." ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். பெரிய இழப்பு எதுவும் நடந்திருக்காது. வேலை இருக்கிறது, வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் கண் விழிக்கும்போதே ஒரு பதற்றம். காரணம் தேடிச் சின்ன வயது வரைக்கும் போகத் தயாராக வந்து உட்காருவார்கள். நான் முதலில் விசாரிப்பது நேற்றைய நாளை. எழுந்ததும் எதைப் பார்த்தீர்கள், சாப்பிடும்போது பின்னால் என்ன ஓடிக்கொண்டிருந்தது, படுக்கும் முன் கடைசியாக யாரிடம் பேசினீர்கள் என்று கேட்பேன். "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முகத்தைப் பார்ப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. ஆழ்மனம் என்றதும் ஏதோ மர்மமான சக்தி என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அதில் மர்மம் குறைவுதான். நம்மைச் சுற்றித் திரும்பத் திரும்ப நடப்பதை மூளை பதிந்துகொண்டே இருக்கிறது. எதற்குப் பின் எது வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நம்மைக் கேட்காமலேயே உடம்பைத் தயார் செய்துவிடுகிறது. இது உண்மையா, நமக்கு நல்லதா என்றெல்லாம் அது நின்று யோசிப்பதில்லை. எத்தனை தடவை வந்தது, எவ்வளவு உணர்ச்சியோடு வந்தது என்பதுதான் அதற்கு முக்கியம்.

நினைவு இல்லாமலேயே மனது கற்றுக்கொள்ளும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. எதுவார்ட் கிளாபரேட் என்ற சுவிஸ் மருத்துவர் 1911-ல் பதிவு செய்தது. அவரிடம் இருந்த ஒரு பெண் நோயாளிக்குப் புதிய நினைவுகள் எதுவும் தங்காது. தினமும் பார்க்கும் மருத்துவரையே ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகத்தான் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேட் தன் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரிடம் கைகுலுக்கினார். ஊசி குத்தியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அதை மறந்தும் போனார். ஆனால் அடுத்த முறை மருத்துவர் கையை நீட்டியபோது, சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. சில சமயம் கையில் ஊசியை மறைத்து வைத்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு யாரும் இப்படி ஒரு சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அது காட்டிய விஷயத்தை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன்: நிகழ்ச்சி மறந்துவிடும், கை மட்டும் பின்வாங்கும்.

முப்பதுகளில் இருந்த ஒரு பெண் அப்படித்தான் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தன் மகள் செய்த குறும்பு ஒன்றைச் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். பைக்குள் இருந்த போனில் மெசேஜ் வந்த சத்தம். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின, மூச்சு ஒரு நொடி நின்றது, கை பையைத் துழாவியது. எடுத்துப் பார்த்தால் ஏதோ விளம்பரம். "இப்ப உங்க உடம்புல என்ன நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பேசப் பேச விஷயம் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலதிகாரி இரவு நேரத்தில்தான் குற்றம் கண்டுபிடித்து மெசேஜ் அனுப்புவாராம். அந்த வேலையை விட்டுவிட்டார், அந்த ஆள் இப்போது வாழ்க்கையிலேயே இல்லை. ஆனால் அதே சத்தம் அதே போனில் தினமும் பல தடவை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பு அந்த இரவுகளுக்குத் தயாரானது. நாள் முழுக்க இப்படிச் சின்னச் சின்னதாகப் பதறிய ஒருவருக்கு, சாயங்காலம் காரணமில்லாத களைப்பு வந்ததில் என்ன ஆச்சரியம்?

அவர் முதலில் செய்தது ரொம்ப எளிமையான காரியம்: மெசேஜ் சத்தத்தை மாற்றினார். தங்கையின் செய்திகளுக்கு மட்டும் தனிச் சத்தம் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அமைதியில் போட்டார். மற்ற வேலைகளுக்கு அதன் பிறகு சில மாதங்கள் ஆயின. ஆனால் பதற்றத்துக்கு ஒரு முகவரி கிடைத்ததே அவருக்குப் பெரிய நிம்மதி.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மை எது தூண்டியது என்று நமக்குத் தெரியாவிட்டாலும், கேட்டால் நாம் ஒரு காரணம் சொல்லிவிடுவோம், அதை முழுமனதாக நம்பவும் செய்வோம். இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆய்வாளர்கள் ஒயின் அலமாரி அருகே ஒருநாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 1997-ல் வெளியான ஆய்வு இது. பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில் விற்றது, ஜெர்மன் ஒயின் 8 மட்டும்தான். ஜெர்மன் இசை ஒலித்தபோது நிலைமை தலைகீழானது. வாங்கியவர்களிடம் கேட்டபோது, இசைக்கும் தன் தேர்வுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னவர்கள் வெகு சிலரே. அவர்கள் பொய் சொல்லவில்லை. இசை தங்களைத் தூண்டியது அவர்களுக்கே தெரியவில்லை. என்னிடம் வந்து "எனக்குக் கோபம் வர்றதுக்குக் காரணம் என் மனைவிதான்" என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு மணி நேரம் வண்டியில் எதைக் கேட்டுக்கொண்டு வந்தார் என்பதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்.

கேட்டுக் கேட்டுப் பழகியது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். இதை 1977-ல் அமெரிக்காவில் லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று முறை, சில தகவல்களைக் கொடுத்து எந்த அளவுக்கு உண்மை என்று கேட்டார்கள். மூன்று முறையும் திரும்ப வந்த தகவல்கள் மீது நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. அவற்றில் பொய்யானவையும் இருந்தன. சரி, விஷயம் தெரிந்தவர்கள் ஏமாற மாட்டார்களே என்று நினைக்கலாம். 2015-ல் லிசா ஃபாசியோ குழுவினர் அதையும் பார்த்தார்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடையின் பெயர் 'சேலை' என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்தார்கள். சரியான பதில் தெரிந்தவர்களுக்கும்கூட, ஏற்கெனவே ஒருமுறை படித்திருந்த பொய் கொஞ்சம் அதிக உண்மையாகத் தெரிந்தது.

சேலை விஷயத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் "உலகமே கெட்டுப்போச்சு", "யாரையும் நம்பக் கூடாது", "இந்த நிறத்துல இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க" என்கிற வாக்கியங்களும் இதே வழியில்தான் உள்ளே போகின்றன. செய்தியாக, நகைச்சுவையாக, விளம்பரமாக, உறவினரின் சாதாரணப் பேச்சாக, வேறு வேறு வேடத்தில் தினமும் வருகின்றன. எதையும் நாம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம். வாதம் செய்யச் சொன்னால் எதிர்த்துக்கூடப் பேசுவோம். ஆனாலும் ஒருநாள் கண்ணாடி முன் நிற்கும்போது அந்த வாக்கியம் நம் சொந்தக் குரலில் வந்து நிற்கும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். எழுதியதை அழித்து அழித்து எழுதுவான், தாள் கிழியும் வரை. ஒரு எழுத்து கோணினாலும், "எனக்கு எதுவும் ஒழுங்கா வராது, நான் மக்கு" என்பான். பெற்றோர் இருவரும் பொறுமையானவர்கள். "நாங்க இவனை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை மேடம்" என்று அம்மா சொன்னபோது நான் நம்பினேன், அது உண்மைதான். அடுத்த முறை வரும்போது படிவம் ஒன்றை நிரப்பக் கொடுத்தேன். தேதியை மாற்றி எழுதிவிட்டார். உடனே நெற்றியில் லேசாகத் தட்டிக்கொண்டு, "எனக்கு எதுவும் ஒழுங்கா வராது, மக்கு, மக்கு" என்றார். அதே சொல், அதே ராகம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான்.

நாம் குழந்தைகளிடம் என்ன பேசுகிறோம் என்பதில் இப்போதெல்லாம் நிறையப் பேர் கவனமாக இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் நம்மைப் பற்றி நாமே பேசிக்கொள்வதைக் குழந்தை கேட்கிறது என்பது நினைவுக்கு வருவதே இல்லை. தவறு செய்த ஒரு மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும் முதல் இடம், அம்மாவோ அப்பாவோ தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் விதம். 2015-ல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். கணக்கு என்றாலே பதறும் பெற்றோர், பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவி செய்த வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள், கணக்கைக் கண்டு அதிகம் பயந்தார்கள். அதே அளவு பதற்றம் உள்ள பெற்றோர் அதிகம் உட்கார்ந்து உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. உதவும் நோக்கம் நல்லதுதான்; கூடவே பெருமூச்சும் முகச்சுளிப்பும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. ஆழ்மனதை ஒரே இரவில் மாற்றித் தருகிறோம் என்று ஆடியோவும் பயிற்சி வகுப்பும் விற்கிறார்கள். தூங்கும்போது காதில் ஓடவிட்டால் போதும், தன்னம்பிக்கை வந்துவிடும், பணம் வந்துவிடும் என்கிறார்கள். மனம் உடைந்திருப்பவர்கள் கையில் இருக்கும் காசைக் கொடுத்து இதை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செய்திகளால் மனதை ஆட்டிவைக்கலாம் என்ற நம்பிக்கையைப் பரப்பியதில் பெரிய பங்கு ஜேம்ஸ் விகரி என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரருக்கு உண்டு. திரையரங்கில் படத்தின் நடுவே கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகப் 'பாப்கார்ன் சாப்பிடுங்கள்' என்று காட்டி விற்பனையை உயர்த்தியதாக 1957-ல் அறிவித்தார். 1962-ல் அது வெறும் விளம்பரத் தந்திரம், சொல்லும்படியான தரவு எதுவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1991-ல் அந்தோனி கிரீன்வால்ட் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. நினைவாற்றலை வளர்ப்பதாகவும் தன்மதிப்பை வளர்ப்பதாகவும் சொல்லி விற்ற ஒலிநாடாக்களை எடுத்து, பாதிப் பேருக்கு மேல்சீட்டை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்கள் கேட்டவர்களில் பலர், மேலே ஒட்டியிருந்த சீட்டில் எது எழுதியிருந்ததோ அது தங்களுக்குக் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அளந்து பார்த்தால் நாடா எதையும் கூட்டியிருக்கவில்லை. ஆழ்மனதை உருவாக்குவது ஒளித்து வைத்த செய்திகள் அல்ல. நம் கண் முன்னே, காது கேட்க, பழகிப்போனதால் நாம் கண்டுகொள்ளாமல் விட்டவை.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? "அதை நினைக்கவே கூடாது" என்று மனதோடு மல்லுக்கு நிற்பது வேண்டாம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி 1987-ல் டேனியல் வெக்னர் செய்த சோதனை பிரபலம். அடக்கப் பார்த்தவர்களுக்கு அந்த நினைப்பு பின்னர் கூடுதலாகவே வந்தது. நினைப்போடு சண்டை போடுவதைவிட, அந்த நினைப்புக்குத் தினமும் தீனி போடும் இடத்தை மாற்றுவது சுலபம். ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் இரண்டே வரி எழுதச் சொல்வேன்: இன்று மனது மாறிய ஒரு தருணம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் கண்ணும் காதும் எங்கே இருந்தன. ஆராய்ச்சி வேண்டாம், எழுதினால் போதும். பெரும்பாலும் நான்கைந்து நாட்களிலேயே ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும். ஒரு குறிப்பிட்ட வாட்ஸ்அப் குழுவாக இருக்கலாம், இரவுச் செய்தி விவாதமாக இருக்கலாம், தினமும் போனில் குறை மட்டுமே பேசும் நண்பராகவும் இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். நண்பரைத் துறக்க வேண்டியதில்லை. பேசும் நேரத்தை மாற்றினாலே போதும்.

படுக்கும் முன் கடைசி அரை மணியை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைய அனுபவங்களை மூளை அடுக்கி உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான், உணர்ச்சி ஏறியவற்றுக்கு அங்கே முன்னுரிமை கிடைக்கிறது. சண்டைக் காட்சிகளையும் விபத்து வீடியோக்களையும் பார்த்தபடி கண்ணை மூடாதீர்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும்.

அந்தப் பையனின் அம்மாவிடம் பிள்ளையைத் திருத்துவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தவறு நேர்ந்தால் சத்தமாக, அவன் காதில் விழும்படி, "அட, தப்பாயிடுச்சு, மாத்தி எழுதிடலாம்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். முதல் சில வாரங்கள் அவருக்கே அது நடிப்பு போலக் கூச்சமாக இருந்தது. பழைய சொல் பாதி வாயில் வந்து நிற்குமாம். பரவாயில்லை. 21 நாளில் பழக்கம் மாறும் என்று சொல்வார்களே, அதை நம்பி மனம் விடாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் பார்த்ததில், ஒரு புதிய பழக்கம் தானாக வர நடுவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பின்னடைவும் இல்லை.

எல்லாவற்றையும் இப்படி நாமே சரி செய்துவிட முடியாது. வன்முறை, விபத்து, சின்ன வயதில் நடந்த அத்துமீறல் போன்றவை விட்டுச்சென்ற பயம், சத்தத்தை மாற்றினால் போகிற பயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நோட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். முதல் சந்திப்பில் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறுகிறவர்களுக்கு, அந்த இரண்டு வரிகள் பெரிய உதவி.