எடை இல்லாத இடத்தில் வைத்தியம்

அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளிக்குப் பேருந்தில் போகும் பெங்களூருத் தமிழர்கள் பழைய விமான நிலையச் சாலையில் வான்வெளி மருத்துவக் கழகத்தைக் கடந்துதான் போகிறார்கள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் வீரர்களுக்கு உடல்தகுதி சோதிக்கப்பட்ட இடம் அது. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, தேர்வான நால்வரும் விமானப்படை விமானிகள். மருத்துவர் எவரும் இல்லை. சோவியத் நாடோ 1964-இலேயே போரிஸ் யெகோரோவ் என்ற மருத்துவரை விண்வெளிக்கு அனுப்பிவிட்டது. நாசாவில் மருத்துவம் முடித்துத் தேர்வாகிறவர், ஏறத்தாழ இரண்டாண்டுகள் விண்நடை, இயந்திரக் கை, ரஷ்ய மொழி என்று மீண்டும் மாணவராகிறார்.

அவர் கற்ற மருத்துவத்திலும் சில பாடங்கள் அங்கே செல்லாது. விண்வெளி நிலையமும் அதிலிருப்பவரும் பூமியைச் சுற்றி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால் எடை உணரப்படுவதில்லை. நம் சிகிச்சை முறைகள் பலவும் எடையை நம்பியவை. உயரத்தில் தொங்கவிட்டாலும் டிரிப்ஸ் இறங்காது; ஊசியை நிமிர்த்திப் பிடித்தாலும் காற்றுக்குமிழி மேலே வராது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டுமானால், நோயாளியைக் கட்டிவைத்துவிட்டு, மருத்துவர் எதிர்ச்சுவரில் காலூன்றித் தலைகீழாக நின்று அழுத்த வேண்டும்.

உடலும் மாறுகிறது. கால்களில் தங்கும் நீர்மம் மார்புக்கும் தலைக்கும் ஏறி முகம் உப்புகிறது. கழுத்துச் சிரைகளிலிருந்து இரத்தத்தைக் கீழே இழுக்க எடை இல்லை. 2019-இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட விண்வெளி வீரர்கள் பதினொருவரில் ஆறு பேருக்கு இடக் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கியோ எதிர்த்திசையில் ஓடியோ இருந்தது. ஒருவருக்கு அங்கே இரத்தம் உறைந்தே போயிருந்தது. அந்த நபருக்கு வலியோ வீக்கமோ இல்லை. பூமியிலிருந்த நிபுணர் சொல்லச் சொல்ல, அவரே தம் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் படமெடுத்தார். கையிருப்பிலிருந்த உறைவுத்தடுப்பு மருந்தை எண்ணி எண்ணிச் செலவழித்து, மாத்திரைகள் சரக்குக் கலத்தில் வந்துசேரும்வரை ஒப்பேற்றினார்கள். மருந்துக்கடை தெருமுனையில் இருக்கும் ஊரில் படித்த மருத்துவருக்கு இது புதிய கணக்கு.

அங்கே மருத்துவர் ஆய்வாளர் மட்டுமல்லர், ஆய்வுப்பொருளும் அவரே. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு கரையும் இடுப்பெலும்பு அவருடையதுதான். அதைக் காக்க அன்றாடம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவரும் அவரே. செவ்வாய்ப் பயணத்தை மனித உடல் தாங்குமா என்று அறிய விரும்பிய ரஷ்ய மருத்துவர் வலேரி போல்யகோவ், 1994-இல் மீர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்துக்குச் சென்று 437 நாள்கள் தொடர்ந்து இருந்தார். தரையிறங்கியதும் கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிவரை அவரே நடந்து போய் உட்கார்ந்தார்.