கூரையில்லாத கார் ஏன் முறுகுகிறது?

பழைய கன்வெர்ட்டிபிள் ஸ்போர்ட்ஸ் காரில் கூரையை மடக்கிவிட்டுச் செல்லும்போது, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கி ஏறினால் விண்ட்ஷீல்டு சட்டம், டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்து நடுங்கும். பின்புறம் காட்டும் கண்ணாடியில் பிம்பம் கலங்கும். சஸ்பென்ஷன் தேய்ந்துவிட்டது என்று பலரும் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். சில சமயம் அதுவும் காரணம்தான். ஆனால் பெரும்பாலும் முறுகுவது காரின் உடல்.

மூடிய காரில் தளம், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாகிச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. கூரை போய்விட்டால் முன்பாதியையும் பின்பாதியையும் இணைப்பவை தளமும், அதன் நடுவே நீளவாக்கில் ஓடும் டனல் எனப்படும் மேடும், கதவுகளுக்குக் கீழே நீளும் சில் எனப்படும் பெட்டிக் குழல்களும் மட்டுமே.

ஒரு தாளைச் சுருட்டி, விளிம்பை நீளவாக்கில் முழுவதும் ஒட்டி, இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள்; எளிதில் மசியாது. ஒட்டிய இடத்தைப் பிரித்துவிட்டுத் திருகினால் துவண்டுவிடும். 50 மில்லிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுக் குழல், நீளவாக்கில் பிளந்த அதே குழலைவிட முறுக்கத்தை 7,500 மடங்கு எதிர்க்கும் என்கிறது கணக்கு. உலோகத்தின் அளவு மாறவில்லை, வடிவம் மூடியிருக்கிறதா என்பதுதான் மாறியது. உயர்வலிமை எஃகு போட்டாலும் இந்தக் குறை தீராது: எந்த எஃகானாலும் மீள்தன்மைக் குணகம் (உலோகம் வளைய எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். அது உடைவதைத் தள்ளிப்போடுமே தவிர, வளைவதைக் குறைக்காது.

முறுகும் உடல், ஷாக் அப்சார்பர் இல்லாத ஒரு ஸ்பிரிங் போன்றே நடந்துகொள்கிறது. சக்கரங்கள் துள்ளும் அதிர்வெண் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ். உடலின் இயல்பு அதிர்வெண்ணும் (அது தானாக அதிரும் வேகம்) அதற்கு அருகில் இருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, சிறு பள்ளம்கூடப் பெரிய நடுக்கமாகிறது. உடலை விறைப்பாக்கினால் அந்த அதிர்வெண் மேலே நகர்ந்து, சக்கரத்தின் துள்ளலிலிருந்து விலகிவிடும்.

எதையும் புதிதாகப் பொருத்துவதற்கு முன் துருவைத் தேடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். துணிக்கூரையிலிருந்து மழைநீரை வடிக்கும் குழாய்கள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கும். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் பின்சக்கரத்துக்கு முன்னால் சில் அரித்துப்போவதற்கு இது முக்கியக் காரணம். அரித்த சில் பிளந்த குழல்தான். அதை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை முழுமையாக வெல்டிங் செய்து மூடாமல் வேறெதைப் பூட்டினாலும் வீண். உள்ளே நுரையை நிரப்பும் குறுக்குவழி ஈரத்தைச் சிறைப்படுத்தித் துருவை வளர்த்துவிடக்கூடும்.

அடுத்து, முக்கோணங்கள். நான்கு பக்கச் சட்டம் எளிதில் சாயும். மூலைவிட்டமாக ஒரு கம்பி சேர்த்தால் சாயாது. அடித்தளத்தில் எக்ஸ் வடிவில் பூட்டும் பிரேஸ் எனும் வலுவூட்டும் சட்டம் நல்ல பலன் தருவது இதனால்தான். 1989-இல் அறிமுகமான எம்எக்ஸ்-5 பின்னர் 1.8 லிட்டர் எஞ்சின் பெற்றபோது, தொழிற்சாலையே இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குக் கம்பியும் அடிப்பகுதியில் இணைப்புக் கம்பிகளும் சேர்த்தது. எஞ்சின் அறையில் இரு பக்கச் சஸ்பென்ஷனின் உச்சிகளை இணைத்துப் பளபளக்கும் ஸ்ட்ரட் பார் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கன்வெர்ட்டிபிளின் பலவீனம் கதவுகள் உள்ள நடுப்பகுதியில் இருப்பதால், இந்த நடுக்கத்தை அது அதிகம் குறைக்காது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் எனும் வளைவுக் கம்பி, கார் கவிழ்ந்தால் உயிரைக் காக்கும். அதுவும் முன்பாதியைத் தொடாததால் முறுக்கத்தைக் குறைப்பதில் அதன் பங்கு சிறியதே.

பலனை அளந்து பார்க்கலாம். சமதரையில் காரை நிறுத்தி, கதவின் பின்விளிம்பில் கதவுக்கும் உடலுக்கும் இடையே மேலும் கீழும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்வரை ஜாக்கியால் தூக்கி, மீண்டும் அளவெடுங்கள். அப்போது கதவைத் திறக்காதீர்கள், காருக்கு அடியிலும் செல்லாதீர்கள். பிரேஸ் பூட்டிய பிறகு அதே இடத்தில் ஜாக்கி வைத்து அளந்தும் வித்தியாசம் குறையவில்லை என்றால், அந்தப் பிரேஸ் கூட்டியது எடையை மட்டுமே. கழற்றிவிடலாம்.