65,000 ரூபாய்க்கு ஒரு பூட்டன்

போலிப் பரம்பரைப் படத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் வருபவர்களில், போன மாதம் வந்தவரோடு இது நான்காவது ஆள். இனியும் பேசாமல் இருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சனிக்கிழமைகளில் நான் ஊர் நூலகத்தில் இருப்பேன். பழைய காணி உறுதி, பதிவு, கடிதம் என்று எதையாவது வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு வழி சொல்வது வேலை. காசு கிடையாது. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர், பழைய சீலையில் சுற்றி ஒரு பெரிய கண்ணாடிப் படத்தைத் தூக்கி வந்தார். தங்க நிறக் கரை, நடுவில் ஆலமரம், கிளைக்குக் கிளை பெயர்கள், உச்சியில் ஒரு கண்டி ராசா.

"சேர், எங்கட பரம்பரை கிடைச்சிட்டு. கனடாவில இருக்கிற மகனுக்கு அனுப்பப் போறன். ஒருக்காப் பாருங்க."

65,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். கொழும்புச் சுவடிக்கூடத்தில் எடுத்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. 1884இல் பிறந்த பூட்டனுக்குப் பிறந்த இடம் 'அம்பாறை மாவட்டம்' என்று போட்டிருந்தது. அம்பாறை மாவட்டம் உருவானதே 1961இல். அதற்கு முதல் அந்தக் கரையெல்லாம் மட்டக்களப்போடு இருந்தது. அந்தப் பூட்டனுக்கு மேலே 1842 என்று போட்டு ஒரு பிறப்புப் பதிவு இலக்கம். அரசாங்கத்தின் ஒழுங்கான பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வருகிறது. வந்த பிறகும் எத்தனையோ பேர் பதியவே இல்லை. முத்திரையைத் தடவிப் பார்த்தேன். படத்தோடு படமாக அச்சடித்தது.

இவையெல்லாம் சின்னப் பிழைகள். ஒன்பது தலைமுறையும் தகப்பன், அவருடைய தகப்பன் என்று ஏறிப் போய், குடியும், அதாவது வம்சப் பிரிவும், அந்த வழியிலேயே இறங்கியிருந்தது. மட்டக்களப்பில் குடி தாய்வழி என்பது கோயில் திருவிழாவில் பங்கு பிரிக்கும்போது நின்று பார்த்த பிள்ளைக்கும் தெரியும். நம் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் அப்படித்தான். விற்றவருக்குத் தெரியவில்லை. வாங்கிய அக்காவுக்குத் தெரிந்திருந்தும், கண்ணாடியும் தங்கக் கரையும் அவர் வாயை அடைத்துவிட்டன.

ஆனால் என்னை எரிச்சலூட்டுவது விற்றவரைவிட, அவருக்கு இடம் கொடுக்கும் ஒரு நினைப்பு. சுவடிக்கூடத்தில் எங்கோ ஓர் அலுமாரியில் நம் பரம்பரை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, பேரைச் சொன்னால் எடுத்துத் தந்துவிடுவார்கள் என்ற நினைப்பு. தரமாட்டார்கள். ஒளித்து வைத்திருப்பதால் அல்ல, அப்படி ஒன்று இல்லாததால். கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் இருப்பவை அலுவலகங்களின் கடதாசிகள்: ஒல்லாந்தர் கம்பனி எழுதியது, வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரிகள் என்ற மாவட்ட அலுவலகங்கள் எழுதியது, அரசாங்க வர்த்தமானி, பத்திரிகைகள். எந்த அலுவலகம் எழுதியதோ அந்த அலுவலகத்தின் பெயரில்தான் அடுக்கியிருப்பார்கள். உங்கள் பூட்டன் வரி கட்டாமல் வழக்கில் மாட்டியிருந்தால் அந்த வழக்குக் கோவையில் இருப்பார். ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஒருவேளை எங்குமே இருக்கமாட்டார். தோம்பு, தோம்பு என்று தரகர்கள் சொல்வார்கள். ஒல்லாந்தர் எழுதிய அந்தக் குடும்ப, காணிப் பதிவேடுகளில் பேர்போனவை கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பக்கத்துக்கானவை.

பேர் விஷயமும் இருக்கிறது. 'கந்தப்போடி' என்று தேடினால் ஐம்பது கந்தப்போடிகள் வருவார்கள். போடியார் என்பது வயல்காரருக்கு ஊர் கொடுத்த மரியாதை, குடும்பப் பேர் அல்ல. நமக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இல்லாதபோது, வெள்ளைக்காரர்களைப் போல அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாது.

அமெரிக்காவின் தேசிய ஆவணக்காப்பகம் வம்சாவளி தேடுவது பற்றி இலவச வகுப்புகள் நடத்துகிறது. யூடியூபில் யாரும் பார்க்கலாம். நான் பார்க்கச் சொல்லி அனுப்புகிறவர்கள் திரும்பி வந்து கேட்கும் முதல் கேள்வி: "எங்கட சென்சஸ் எங்க இருக்கு சேர்?" அங்கே குடிசனக் கணக்கெடுப்புத் தாள்களை 72 வருடம் கழித்துப் பேரோடு திறந்துவிடுவார்கள். 1950இல் எடுத்தது 2022இல் திறந்தது. இங்கே 1871 முதல் எடுத்த கணக்கெடுப்புகளின் அறிக்கைகளைப் புரட்டினால் இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற எண்ணிக்கைதான் கிடைக்கும். அந்த வகுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவர்களுடைய 1890 கணக்கெடுப்பு 1921இல் தீப்பிடித்து, பெரும்பகுதி போய்விட்டது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேறு எந்தெந்தக் கடதாசி உதவும் என்று சொல்லித் தருகிறார்கள் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது. 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி என்று நமக்கும் பள்ளங்களுக்குக் குறைவில்லை.

சரி, அக்காவுக்கு வருவோம். படத்தின் வயதை நான் நம்பவில்லை என்று தெரிந்ததும், "எங்களிட்டப் பழைய சாமானும் இருக்கு" என்று கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். பெத்தாவின், அதாவது அம்மம்மாவின், சீதன உறுதி, 1931. எட்டாக மடித்து மடித்து, மடிப்புகளில் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு மூலையில் செலோடேப் ஒட்டி, அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றிருந்தது. பெத்தாவுக்கு வீட்டு வளவைக் கொடுத்தது அவருடைய தாய். அந்தத் தாய்க்கு அவருடைய தாய் கொடுத்து 'ஆண்டனுபவித்து வருவது' என்று உறுதி எழுதும் நொத்தாரிசு எழுதியிருந்தார். எல்லையைப் படித்தோம். வடக்கே சகோதரியின் வளவு, கிழக்கே சிறிய தாயாரின் வளவு, தெற்கே ஒழுங்கை. இங்கே ஆம்பிளைகள்தான் கலியாணம் முடித்து இடம் மாறுவார்கள், பெண்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஆகவே எல்லையில் நிற்பவர்களும் பெரும்பாலும் சொந்தம்தான். அந்த ஒரு பக்கத்தில், அக்காவின் தாயையும் சேர்த்தால், நான்கு தலைமுறைப் பெண்கள். பையிலேயே வைத்துக்கொண்டு 65,000 கொடுத்திருக்கிறார்.

உறுதி சுனாமியில் போயிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அங்கே போய்க் கேளுங்கள். பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்த சேர்விடாப்பு, கோயில் கணக்கு, பள்ளிவாசலின் கலியாணப் பதிவான கடுத்தம், ஞானஸ்நானப் பதிவு எல்லாம் கேட்டால் காட்டக்கூடியவைதான். தரகர் வேண்டாம். 1961க்கு முந்தியது என்றால் அம்பாறையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று திரும்பாதீர்கள், மட்டக்களப்புக்கும் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பேர், ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பழைய ஏட்டுக்குப் பக்கத்தில் பேனையைத் திறந்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று, இதைக் கையெடுத்துக் கேட்கிறேன்: லெமினேட் பண்ணாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பழுதில்லாமல் உரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். விரித்து, ஒரு பெரிய கடித உறைக்குள் வையுங்கள். ஃபோனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். பெத்தா உயிரோடு இருந்தால் அவருடைய பெத்தாவின் பேரைக் கேட்டு இன்றைக்கே பதிந்துவிடுங்கள். பதிவகம் திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

அக்கா உறுதியை உறையில் போட்டுக்கொண்டு எழும்பினார். படத்தை என்ன செய்ய என்று கேட்டேன்.

"கண்ணாடி நல்ல கண்ணாடி சேர்," என்றார். "ராசாவை எடுத்திட்டு பெத்தாட படத்தைப் போடலாம்."