பெற்றோர் பிரிந்தால் குழந்தைக்கு யார் எவ்வளவு தர வேண்டும்? வருமானம் கணக்கில் வரும் விதம்

மனைவி வேலைக்குப் போகிறார், அதனால் குழந்தைக்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரின் வருமானம் ஜீவனாம்சத்தின் அளவைக் கூட்டும், குறைக்கும். கடமையை அது ஒருபோதும் நீக்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவின் இடத்தில் வந்தது இது. எல்லா மதத்தினருக்கும் பொது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைக்க வழியில்லாத பிள்ளை 18 வயதைக் கடந்த பிறகும் கேட்கலாம். 18 வயதைக் கடந்தவர்களுக்கான இந்த விதி மணமான மகளுக்கு மட்டும் பொருந்தாது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் இருக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு தாய், தந்தை இருவர் மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது. குழந்தை அப்பாவிடம் வளர்ந்து, அம்மா சம்பாதித்தால், அம்மாவும் பங்கு தர வேண்டியிருக்கும்.

எத்தனை சதவீதம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. குழந்தைக்கு அப்படி ஒரு விகிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று பேசப்படுவது மனைவியின் ஜீவனாம்சம் பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. குழந்தைக்கு முதலில் தேவை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பிறகுதான் அதை யார் எவ்வளவு சுமப்பது என்ற கேள்வி வருகிறது. 2000-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில் பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தார்கள். தந்தையின் சம்பளம் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் தேவை என்று வைத்து, அதை 2:1 எனப் பிரித்தது நீதிமன்றம். நியாயமான வழி இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: குழந்தையோடு இருப்பவர் தன் பங்கை யாருக்கும் அனுப்புவதில்லை, அன்றாடம் செலவழித்துக்கொண்டே இருக்கிறார். காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பதும் அவர்தான். மனுவில் இதைத் தெளிவாக எழுத வேண்டும்.

வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் காகிதம் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம். 2020 நவம்பர் 4 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். விவசாய வருமானத்தில் வாழ்பவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. எதிர்த்தரப்பு அதிகபட்சம் 4 வாரத்தில் பதிலும் பத்திரமும் தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. தாய் போதிய அளவு சம்பாதித்தால் படிப்புச் செலவை வருமான விகிதப்படி பகிரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இல்லாவிட்டால் அது பொதுவாகத் தந்தையின் பொறுப்பு.

செலவுப் பட்டியலில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மாதாமாதம் கொடுப்பதை மட்டும் எழுதிவிட்டு, ஆண்டுக்கொருமுறை கட்டுவதை விட்டுவிடுவார்கள். பள்ளிக் கட்டணம் 36,000, புத்தகமும் சீருடையும் 6,000, வேன் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 54,000, மாதத்துக்கு 4,500 ரூபாய். இது பட்டியலில் இல்லையென்றால் உத்தரவிலும் இருக்காது. சாப்பாடு, வாடகையில் குழந்தையின் பங்கு, மருத்துவம், டியூஷன் எல்லாவற்றையும் ரசீதோடு சேருங்கள். ரசீது இல்லாத பெரிய தொகையை எழுதினால் குறுக்கு விசாரணையில் மற்ற கணக்கின் மீதும் சந்தேகம் விழும்.

சம்பளத்தில் வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்ற தவிர்க்க முடியாத பிடித்தங்களை நீதிமன்றங்கள் பொதுவாகக் கழித்துப் பார்க்கும். வழக்கு வந்த பிறகு எடுத்த தனிநபர் கடனின் தவணையைக் காட்டி ‘கையில் ஒன்றும் மிஞ்சவில்லை’ என்பது எளிதில் எடுபடாது. வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னாலும், திடகாத்திரமானவர் உழைத்தாவது காப்பாற்ற வேண்டும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ரொக்கத்தில் தொழில் செய்பவரின் வருமானத்தைக் காட்ட வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி தாக்கல், கடன் வாங்கும்போது வங்கியில் அவரே எழுதிக் கொடுத்த வருமானம் ஆகியவை உதவும். இவற்றை வரவழைக்கும்படி நீதிமன்றத்திடம் மனுப் போடலாம்.

மனுவைக் குடும்ப நல நீதிமன்றத்திலும், அது இல்லாத இடத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். குழந்தையைத் தனி மனுதாரராகச் சேர்த்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தொகை கேளுங்கள். மனைவியின் கோரிக்கை ஏதோ காரணத்தால் தள்ளுபடியானாலும் குழந்தையின் உரிமை அப்படியே நிற்கும். வழக்கு முடியும்வரை பணம் கேட்கும் இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் உடனே போடுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தொகை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? நிலுவை விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். ‘தருவார், பார்ப்போம்’ என்று மூன்று வருடம் காத்திருந்தால் இந்த வழியில் பழைய பாக்கிக்கு வாரன்ட் கிடைக்காது. தராதவரை ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றதால் பாக்கி தீர்ந்துவிடாது. குழந்தையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்பதற்காகப் பார்க்க விடாமலிருப்பதும் தவறு. இரண்டுக்கும் தனித்தனி மனு உண்டு.

சம்பளம் கூடினாலோ, உண்மையிலேயே வேலை போனாலோ, குழந்தை மேல்வகுப்புக்குப் போய்ச் செலவு ஏறினாலோ அதே சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் தொகையை மாற்றக் கேட்கலாம். மாற்றம் வரும்வரை பழைய தொகையே செல்லும். தானாகக் குறைத்து அனுப்பினால் குறைத்த பகுதி நிலுவையாகவே ஏறும்.