12.40 விமானம் என்றால் எந்த ராத்திரி?

மார்த்தாண்டத்தில் பதினாறு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கருங்கலிலிருந்து ஒரு தம்பி, முதல் தடவையாக துபாய்க்குப் போகிறான். 12ஆம் தேதி, 00.40 மணி விமானம். 12ஆம் தேதி மத்தியானம் கடைக்கு வந்து, "அண்ணே, இன்னைக்கு ராத்திரிதானே? ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க" என்றான். கையில் அம்மா கட்டிக் கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸ் பொதி. விமானம் போய்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 00.40 என்றால் 11ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு தாண்டி நாற்பது நிமிடம் என்று டிக்கெட் கொடுத்த அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது ஒவ்வொரு டிக்கெட்டிலும் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறேன்: "11ஆம் தேதி சாயங்காலம் 7 மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும்."

எல்லாரும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வான்வழியில் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பறப்பது நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் டிக்கெட்டில் 4.30-க்குக் கிளம்பி 7.00-க்கு இறங்குவதாக இருக்கும். இரண்டரை மணி நேரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் என்றால் இரண்டரை மணி நேரம். திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாகும். கூட்டிப் போக வண்டி பிடிக்கிறவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும்.

சென்னைக்கும் இதே கதைதான். வான்வழியில் சுமார் 615 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஆனால் நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லையே! நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நிலையத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி நிற்கும். இரண்டு மணி நேரம் என்பதே நல்ல நாள் கணக்கு. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். எல்லாம் கூட்டினால் வீட்டிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வெளியே வர ஆறு மணி நேரம் ஆகிவிடும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் ஒன்பது மணி நேரத்தில் எழும்பூரில் விடுகிறது. வயதானவர்கள் கேட்டால் ரயிலைத்தான் சொல்வேன்.

அப்புறம், டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஒன்று சங்குமுகம் பக்கம், இரண்டு சாக்கை பக்கம், நடுவே ஓடுபாதை. மாறிப் போய் இறங்கினால் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும், பெட்டியோடு நடக்க முடியாது.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு (சாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலம் அந்த ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. நேரத்தை மாற்றி வைப்பார்கள். அந்த மாதங்களில் டிக்கெட் போட்டிருந்தால், கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு தடவை போன் பண்ணிக் கேளுங்கள்.