உதிரிபாகம் அன்று, கூறு

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் பழைய டிவிடி பிளேயரில் திருமண வட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் 'உதிரிபாகக் காணொளி' என்று இருந்ததால், ஏதோ உதிரிபாகம் பழுது என்று நம்பி வண்ணார்பேட்டைக் கடைவரை போய் விசாரித்திருக்கிறார். படத்தை மூன்று வயர்களில் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் வீடியோவுக்கு இந்தத் தமிழாக்கத்தை எத்தனை முறைதான் பார்ப்பது?

காம்பொனென்ட், காம்போசிட் இரண்டும் 'சேர்த்து வைத்தல்' என்னும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. முன்னது சேரும் பகுதி; பின்னது சேர்ந்துவிட்ட முழுமை.

டிவியிலும் பிளேயரிலும் வயர் செருகும் மஞ்சள் துளை காம்போசிட். வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் கலந்து போகின்றன. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்த சிற்றாற்று நீரை ஸ்ரீவைகுண்டத்தில் பிரிக்கச் சொல்வதுபோல, டிவி அவற்றைப் பிரிக்கத் திணறுகிறது. நிறம் ஓரங்களில் கசிகிறது. காம்பொனென்டில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள். பச்சைத் துளையில் பச்சை நிறம் வருவதில்லை, வெளிச்சம் வருகிறது. மற்ற இரண்டும் நீலத்துக்கும் சிவப்புக்கும் வெளிச்சத்தோடு உள்ள வேறுபாட்டைக் கொண்டுவர, பச்சை நிறத்தை டிவி கணக்கிட்டுக்கொள்கிறது. சித்தப்பா பிளேயரின் பச்சையை டிவியின் மஞ்சளில் செருகியிருந்தார். வெளிச்சம் வந்தது, நிறம் வரவில்லை. எந்தப் பாகமும் பழுதில்லை.

உதிர்ந்து கிடப்பது உதிரி. தொடுக்காத பூ உதிரிப்பூ. உதிரிபாகம் என்பது பழையது கெட்டால் மாட்டுவதற்காக எடுத்துவைப்பது. இந்த மூன்றுமோ நொடிக்கு நொடி சேர்ந்தே ஒரு படம் ஆகின்றன. ஒன்று விலகினாலும் படம் கெடும். காம்பொனென்டுக்கு அகராதியில் உதிரிபாகம் என்ற பொருளும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இயந்திரப் பட்டறைக்கு. எந்தப் பொருள் எங்கே பொருந்தும் என்று பார்ப்பதுதானே மொழிபெயர்ப்பாளரின் வேலை!

பிரித்துப் பார்க்கக்கூடிய சொல்லாகிய பகுபதத்தின் பாகங்களைத் தமிழ் இலக்கணத்தில் உறுப்பு என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் இன்று அது உடலையே நினைவூட்டுகிறது. ஆகவே கூறு என்பேன். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போடுகிறோம். சொத்தைப் பிரித்தாலும் அவரவர் கூறு. முழுமையை மனத்தில் வைத்துப் பிரித்ததே கூறு. கூறுக் காணொளி, கலவைக் காணொளி: இவை யாருக்குப் புரியாது?

அதே கையேடு ஒலிக்கான கோஆக்சியல் வயரை 'இணையச்சு வடம்' என்கிறது. பள்ளியில் இணைகோடு என்றால் ஒன்றையொன்று தொடாதவை என்று படித்த பிள்ளை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றிய பின்னலுக்கும் அச்சு ஒன்றே. அது ஓரச்சு வடம்.