ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை சந்தி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸில், சம்பளக் கணக்குப் போடும் கணினி நிரலை எடுத்துக்கொள்வோம். எழுதிய நாளில் அது இரண்டே பக்கம். 2025 பிப்ரவரியில், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. நிரலில் ஓர் இஃப் (‘இப்படியானால் இதைச் செய்’ என்ற நிபந்தனை) சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வந்தது, முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு, இன்னோர் இஃப். உள்நாட்டவருக்கு 5,000 வெள்ளி வரை முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12, அறுபது வயதான குடிமக்களுக்கு 4. புது விதி வரும்போதெல்லாம் அவசரத்தில் பழைய விதியின் வயிற்றுக்குள்ளேயே அது செருகப்படுகிறது. யாரும் வேண்டுமென்று சிக்கலாக்கவில்லை. ஆனாலும் ஒருவருடைய சம்பளம் ஏன் நாற்பது வெள்ளி குறைந்தது என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) கேட்டால், பதில் தேட அரை நாள் போய்விடும்.

இந்தச் சிக்கலை எண்ணால் அளக்கும் வழியை 1976இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்தார். நிரலைத் தோட்டத்துச் சாலைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டளையும் ஒரு புள்ளி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி ஒரு கோடு. கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளைக் கழித்து 2 கூட்டினால் வருவது சைக்ளோமேட்டிக் எண். ஒரேயொரு இஃப்-எல்ஸ் என்றால் கேள்வி, இரண்டு கிளை, முடிவு என நான்கு புள்ளி, நான்கு கோடு, விடை 2. படம் வரையாமலும் கணக்கிடலாம்: இஃப், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) போன்ற சந்திகளை எண்ணி 1 கூட்டினால் போதும். நிபந்தனைக்குள் வரும் ‘மற்றும்’, ‘அல்லது’ ஒவ்வொன்றையும் சில கருவிகள் தனிச் சந்தியாக எண்ணும், சில எண்ணாது. அதனால் ஒரு கருவி சொன்ன எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மெக்கேப் சொன்ன வரம்பு 10. இந்த எண்ணைப் பலர் மொத்தப் பாதைகளின் எண்ணிக்கை என்று புரிந்துகொள்கிறார்கள், அது தவறு. அடுத்தடுத்து பத்து இஃப் இருந்தால் எண் 11தான். ஆனால் சாத்தியமான பாதைகள் 1,024. ஒன்றிலிருந்து ஒன்று பெற முடியாத அடிப்படைப் பாதைகள் எத்தனை என்பதையே எண் சொல்கிறது. அத்தனை டெஸ்டாவது (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதினால்தான் அந்தப் பாதைகளைத் தொட்டதாகும்.

டெஸ்ட் எழுதுபவருக்கு இது நல்ல அளவுகோல். படிப்பவருக்கு அவ்வளவாக உதவாது. வரிசையாக நிற்கும் நான்கு இஃப்பும், ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்த நான்கு இஃப்பும் மெக்கேப் கணக்கில் ஒன்றே. படிக்கும் தலைக்கு ஒன்றல்ல. சோனார்சோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த காக்னிடிவ் எண் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. ஒவ்வொரு சந்திக்கும் 1. அது எத்தனை அடுக்கு உள்ளே இருக்கிறதோ அதையும் கூட்ட வேண்டும். ஒரு சின்ன உதாரணம் (விடுமுறைச் சட்டம் இதைவிட நீளம், இங்கே சுருக்கியிருக்கிறது):

ஒவ்வொரு நாளுக்கும்
  பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்திருந்தால்
    நாள்கூலியைச் சேர்
    எடை இலக்கைத் தாண்டினால்
      உபரி = (எடை − இலக்கு) × விலை
      விடுமுறை நாளானால்
        உபரியை இரட்டிப்பாக்கு
      உபரியைச் சேர்

சைக்ளோமேட்டிக்: ஒரு லூப், மூன்று இஃப், கூட 1, ஆக 5. காக்னிடிவ்: 1 + 2 + 3 + 4 = 10. உள்ளே உள்ள வரியைப் படிக்கும்போது ‘வந்தவர், இலக்கைத் தாண்டியவர், விடுமுறை நாள்’ என்ற மூன்றையும் மனத்தில் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. எண் கூடுவது அதனால்தான்.

இப்போது உட்பகுதியை ‘ஒரு நாள் கூலி’ என்று தனி ஃபங்ஷனாக (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டாக) எடுத்து, கேள்விகளைத் திருப்பிப் போடுவோம். வரவில்லையா? பூச்சியத்தைத் திருப்பிவிட்டு வெளியேறு. இலக்கைத் தாண்டவில்லையா? நாள்கூலியோடு வெளியேறு. மிச்சமிருப்பது உபரிக் கணக்கும் விடுமுறைக் கேள்வியும். இதன் காக்னிடிவ் எண் 3, வெளியே நிற்கும் லூப்புக்கு 1. ஆக 10 என்பது 4 ஆயிற்று. சைக்ளோமேட்டிக் 4ம் 2ம், கூட்டினால் 6. அதாவது பழைய 5ஐவிட ஒன்று கூடிவிட்டது! மொத்தத் தொகையைப் பார்த்து முன்னேற்றத்தை எடைபோட்டால் இங்கே ஏமாந்துவிடுவோம். ஃபங்ஷன் ஃபங்ஷனாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த வழி அட்டவணை. செம்பனைக் குலையின் தரத்துக்கு ஏற்பப் பிடித்தம்: பழுத்தது, காய், அழுகியது, வெறுங்குலை, நீளக் காம்பு என இஃப் ஏணி நீண்டுகொண்டே போகும். ஏழு தரம் என்றால் எண் 8. தரத்தையும் பிடித்தத்தையும் அட்டவணையில் வைத்துத் தேடினால் 2 போதும். அந்த இரண்டாவது, ‘இந்தத் தரம் அட்டவணையிலேயே இல்லையே’ என்ற சோதனைக்கு. அதை விட்டுவிடாதீர்கள். தெரியாத தரத்துக்குப் பிடித்தம் 0 என்று அமைதியாக எடுத்துக்கொள்ளும் நிரலைவிட, பிழை காட்டி நிற்கும் நிரலே மேல். இன்னொன்று: முடிவுகள் மறைந்துவிடவில்லை, தரவுக்கு இடம் மாறியிருக்கின்றன. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் சோதிக்க வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது. லாபம் என்னவென்றால், அதைக் கிராணியே படித்துத் தப்பு சொல்லலாம்.

வரம்புக்குள் வர வேண்டும் என்பதற்காக மட்டும் வெட்டுவதுதான் அதிகம் நடக்கும் கெடுதல். 24 எண் கொண்ட ஃபங்ஷனை பகுதி1, பகுதி2, பகுதி3 என்று நறுக்கி ஒன்பது மதிப்புகளைக் கையிலிருந்து கைக்கு மாற்றினால் கருவி பச்சை காட்டும். படிப்பவரோ மூன்று இடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார். ‘காய்க்குலைப் பிடித்தம்’ என்பதுபோல் தோட்டத்தில் புழங்கும் பெயர் கிடைக்கவில்லையென்றால், வெட்டிய இடம் சரியில்லை என்றே நினைக்கலாம்.

சைக்ளோமேட்டிக் எண்ணைக் கணக்கிட, பைத்தான் மொழிக்கு ரேடான் என்ற கருவி உண்டு. அது தரமும் போடும்: 1 முதல் 5 வரை ஏ, 6 முதல் 10 வரை பி, இப்படியே போய் 41 முதல் எஃப். பல மொழிகள் கலந்த திட்டத்துக்கு லிஸார்ட். வேறு வரம்பு கொடுக்காவிட்டால், எண் 15ஐத் தாண்டும்போது எச்சரிக்கும். பட்டியல் வந்ததும் மேலிருந்து கீழாகத் திருத்த இறங்க வேண்டாம். கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தக் கோப்பு அடிக்கடி மாறியது என்று பாருங்கள். சிக்கலாகவும் இருந்து அடிக்கடியும் மாறுவதில் தொடங்குங்கள். எண் 40 இருந்தாலும் ஐந்தாண்டாக யாரும் தொடாததை அப்படியே தூங்க விடலாம்.

கை வைப்பதற்கு முன் ஒரு வேலை. பழைய மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை உள்ளீட்டோடும் விடையோடும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் நிரலை அவற்றின் மீது ஓட்டி, சென் வரை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் ஒரு சென்னில்தான் தலைகாட்டும், காரணம் முழுமையாக்கும் இடம். நாள் ஒன்றுக்கு 12.345 வெள்ளி, மூன்று நாள். அன்றன்றே முழுமையாக்கினால் 12.35 வீதம் 37.05, மாதக் கடைசியில் ஒரே தடவை செய்தால் 37.035 என்பது 37.04. ஃபங்ஷனைப் பிரிக்கும்போது முழுமையாக்கும் வரி லூப்புக்கு உள்ளேயிருந்து வெளியே நழுவியிருக்கும். அதைப் பழைய இடத்திலேயே வையுங்கள். எது சரியான முறை என்பதை ஆபீஸில் கேட்டு, தனி மாற்றமாகப் பிறகு செய்யலாம்.